சாவியைக் கொடுத்த பிறகும் வண்டி என் பெயரில்தான் இருந்தது

பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். 2021 ஜூன் மாதம், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். கையில் பணப்புழக்கம் இல்லை. ஏழு வருடம் ஓட்டிய ஸ்பிளெண்டரை விற்றுவிடலாம் என்று பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான், கிக்கர் உதைத்தான், சைலன்சர் பக்கம் காது வைத்துக் கேட்டான். "இருபத்திரெண்டுக்கு மேல போகாதுண்ணே" என்றான். பேசிப் பேசி இருபத்து நாலாயிரத்தில் முடிந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்ததும் ஒரு பழுப்புக் கவரிலிருந்து நாலு தாளை எடுத்து டேங்க் மேல் பரப்பினான். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 இரண்டு பிரதி. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தான். வாங்குபவர் பெயர் காலி. முகவரி காலி. தேதியும் காலி. கேட்டதற்கு, "பார்ட்டி வந்ததும் நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்ணே, நீங்க அலைய வேணாம்" என்றான். அலைய வேண்டாம் என்ற சொல் அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஆதார் ஜெராக்ஸ், சாவி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன். வண்டியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக ஒரு டெலிவரி நோட்டுகூட எழுதி வாங்கவில்லை.

வண்டி கையை விட்டுப் போய்விட்டதே என்ற வருத்தம் இரண்டு நாள் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அது என்னை விட்டு எங்கும் போகவில்லை என்று தெரிய இருபது மாதம் ஆயிற்று.

முதல் அறிகுறி 2022 டிசம்பரில் வந்தது. ஹெல்மெட் அணியாமல் ஓட்டியதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. வண்டி எண்ணைப் பார்த்தால் என் பழைய ஸ்பிளெண்டர். கன்சல்டிங் கடைக்குப் போன் அடித்தேன். "வித்து ரொம்ப நாளாச்சுண்ணே, வாங்குனவன்கிட்ட சொல்லிக் கட்டச் சொல்றேன்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது விற்றுவிட்ட வண்டியின் பெயரில் இப்படி ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால், தயவுசெய்து அதை அபராதச் சமாச்சாரமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர் இருக்கிறது என்று அரசாங்கமே எழுதி அனுப்பிய தகவல் அது. அன்றே கிளம்பிப் போயிருந்தால் எனக்குப் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

2023 பிப்ரவரி கடைசியில் ஒரு காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் பேசினார். "உங்க பேர்ல ஸ்பிளெண்டர் ஒண்ணு இருக்கா சார்?" விற்றுவிட்டேன் என்றேன். "எங்களுக்கு ஆர்.சி.ல உங்க பேருதான் வருது. ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கொத்தனாரை அந்த வண்டி பின்னாலிருந்து இடித்திருக்கிறது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஓட்டியது இருபத்திரண்டு வயதுப் பையன். நான் கொடுத்த கடையிலிருந்து ஒருவர் வாங்கி, அவர் இன்னொருவருக்கு விற்று, அவரிடமிருந்து இவன் வாங்கியிருக்கிறான். வண்டி மூன்று பேர் கைக்குப் போயும் பெயர் மாற்றம் ஒருமுறைகூட நடக்கவில்லை. இன்சூரன்ஸ் 2021 அக்டோபரோடு முடிந்திருந்தது. அதற்கப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை.

காவல் நிலையத்தில் எனக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி, விபத்து நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்ற விவரத்தைச் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு இருக்கிறது. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை, அவனைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும். நிலையத்தில் நின்ற வண்டியை நீதிமன்றத்தில் மனுப் போட்டு எடுப்பதற்கும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் வர வேண்டும் என்றார்கள்.

நாலு மாதம் கழித்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தது. முதல் எதிர்மனுதாரர் அந்தப் பையன், இரண்டாவது எதிர்மனுதாரர் நான். என் பெயருக்குக் கீழே "வாகன உரிமையாளர்" என்று தட்டச்சு செய்திருந்தது. கேட்டிருந்த தொகை ஆறு லட்சம் ரூபாய்.

வக்கீல் அம்மாவிடம் போய் உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், "மேடம், நான் வித்துட்டேன்" என்பதுதான். அவர் மறுத்துப் பேசவில்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தைத் திறந்து இரண்டாவது பிரிவின் 30-ஆம் உட்பிரிவைக் காட்டினார். யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அதில் இருக்கிறது. பெயர் மைனர் உடையதாக இருந்தால் காப்பாளர். தவணை ஒப்பந்தத்திலோ குத்தகையிலோ கடன் அடமானத்திலோ உள்ள வண்டி என்றால் அதைக் கைவசம் வைத்திருப்பவர். விதிவிலக்கு அவ்வளவுதான். "பணம் வாங்கினவர், சாவி கொடுத்தவர் எல்லாம் இதுல இருக்காங்களா பாருங்க" என்றார். இல்லை.

அடுத்து 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை விளக்கினார். அந்த வழக்கிலும் 2007-இல் விற்கப்பட்ட ஒரு வாகனம் பெயர் மாறாமலேயே கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. 2009-இல் விபத்து. கடைசியாக வைத்திருந்தவர் பொறுப்பா, ஆர்.சி.யில் பெயர் உள்ள முதல் ஆள் பொறுப்பா என்பதுதான் கேள்வி. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அடிபட்டவர், பதிவே ஆகாத கைமாற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது அதன் காரணம்.

அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பார்த்திராத ஒருவன் செய்த தப்புக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? அந்தக் கோபம் தீர்ப்பாயத்தில் முதல் வாய்தா வரைக்கும் இருந்தது. அன்று கொத்தனாரைப் பார்த்தேன். வாக்கர் பிடித்து நடந்து வந்தார். பின்னால் அவர் மனைவி, எக்ஸ்ரே கவரை மடங்காமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி. அவருக்கு என் கன்சல்டிங் கடையைத் தெரியாது. நடுவில் வாங்கி விற்ற இருவரின் பெயர் தெரியாது. ரோட்டில் கிடந்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் நம்பர் பிளேட். அந்த எண்ணைத் தட்டினால் ஒரு பெயர் வரும், அந்தப் பெயர் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையில்தான் பதிவு என்ற ஏற்பாடே நடக்கிறது. என் பெயரை அங்கே பொய்யாக நிற்க விட்டது நான்தான். அந்த எக்ஸ்ரே கவரைப் பார்த்த பிறகு சட்டம் தப்பு என்று நான் யாரிடமும் பேசியதில்லை.

சட்டம் என்னிடம் என்ன எதிர்பார்த்தது என்பதை அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 50-ஆம் பிரிவு. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அது தனித்தனியாகக் கடமை வைக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் பதிவான வண்டி என்றால், கைமாறிய 14 நாளுக்குள் விற்றவர் தன் பதிவு அதிகாரியிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் படிவம் 29. வண்டி வெளிமாநிலப் பதிவு என்றால் 45 நாள் அவகாசம். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி அலுவலகத்தில் படிவம் 30 கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் நினைத்துக்கொண்டிருந்தது பெயர் மாற்றம் என்பது வாங்குபவர் வேலை என்று. நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். படிவம் 29-இன் மேலே "உரிமை மாற்ற அறிவிப்பு" என்றுதான் இருக்கிறது. அறிவிக்க வேண்டியவன் நான். நான் கையெழுத்துப் போட்டு வேறொருவன் கவருக்குள் வைத்த அறிவிப்பு யாருக்கும் அறிவிக்கப்படவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்கும் வாங்கியவருக்கும் இடையே விற்பனை செல்லும். பணம் கைமாறி, வண்டி கைமாறினால் விற்பனை நடந்ததுதான், ஆர்.சி. மாறவில்லை என்பதற்காக நான் போய் வண்டியைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் ரோட்டில் அடிபட்ட மூன்றாம் மனிதருக்கு முன்னால் எங்கள் இருவருக்குள் நடந்த கணக்கு எடுபடாது. அவருக்கு ஆர்.சி.யில் உள்ள பெயர்தான் உரிமையாளர். ஆக வண்டியும் என்னிடம் இல்லை, பொறுப்பு மட்டும் என்னிடம்.

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு. 157-ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்துவிடும். வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் அவருக்குத்தான் நஷ்டம்: தன் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. பழைய காரை வாங்கி, "இன்சூரன்ஸ் எட்டு மாசம் இருக்கு" என்று சந்தோஷப்பட்டு, பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருக்க, கார் சுவரில் மோதிய பிறகு கையைப் பிசைந்த ஒருவரை எனக்கே தெரியும். இன்னொன்று, விற்பவர்கள் கவனிக்க: கிளைம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. விற்கும்போது நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் அடுத்து வாங்கும் வண்டிக்குப் பயன்படும்.

வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. மொத்தம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பையன் வீட்டில் நகையை அடகு வைத்து தொண்ணூறாயிரம் கொண்டுவந்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் நான் கட்டினேன். பெயர் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் இன்னொரு வண்டியை விற்க வேண்டி வந்தது, மனைவியின் ஸ்கூட்டி. இந்த முறை நான் செய்ததைச் சொல்கிறேன். வாங்க வந்தவர் பக்கத்துத் தெருக்காரர், தெரிந்தவர்தான். தெரிந்தவர் என்பதால் எழுத்தை விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். படிவங்களில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடவில்லை. அவர் பெயர், அவர் அப்பா பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகுதான் மனைவியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதினோம்: மாலை 5.40. மணி எதற்கு என்று அவர் கேட்டார். அன்று இரவே ஏதாவது நடந்தால் எந்த நிமிடத்திலிருந்து வண்டி யார் கையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், போக்குவரத்து அபராதமானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி. அவர் ஆதார் நகல், ஸ்கூட்டியோடு அவர் நிற்கும் ஒரு போட்டோ, நிரப்பிய படிவங்களின் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டேன். பணத்தைக் கணக்கில் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை படிவம் 29-இன் ஒரு பிரதியை நாங்களே எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்த ஒப்புகை அட்டை இன்றும் பைலில் இருக்கிறது. இதனால் மட்டும் ஆர்.சி.யில் பெயர் மாறிவிடாது; ஆனால் நம் கடமையை 14 நாளுக்குள் செய்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு அவரோடு உட்கார்ந்து அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகன் தளத்தில் விண்ணப்பத்தைப் போட வைத்தேன். செல்போன் எண் அவருடையதாக மாற வேண்டும், இதை மறக்கக் கூடாது. மூன்று வாரத்தில் புது ஆர்.சி. அவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அவர் காட்டியதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் சரியாக வந்தது. பேசிய விலையில் மூவாயிரத்தைப் பெயர் மாறும் வரைக்கும் நான் வாங்காமல் வைத்திருந்தேன். என் பணம் அவரிடம் இருக்கட்டும், பெயர் மாற்றி முடித்ததும் கொடுக்கட்டும் என்று. கடைக்காரரிடம் இது நடக்காது, நேரில் வாங்குபவரிடம் தாராளமாகச் செய்யலாம். பெயர் மாறிவிட்டதா என்று விசாரிக்க நாம் கூச்சப்பட மாட்டோம்.

கடைக்கு விற்பவர்களுக்கு இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். அங்கீகாரம் பெற்ற கடையிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29-சி மூலம் ஆன்லைனில் தகவல் கொடுத்தால், அந்த நேரத்திலிருந்து கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியின் பொறுப்பு அவர் தலையில். நான் விற்றபோது இந்த விதி இல்லை. இப்போது இருக்கிறது, ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கா, 29-சி போடுவீங்களா?" என்பதுதான். "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஐந்நூறு ஆயிரம் விலை குறைந்தாலும் பரவாயில்லை.

பெயர் மாறாத வண்டி விபத்தில் மட்டும்தான் சிக்கலைக் கொண்டுவரும் என்றும் நினைக்க வேண்டாம். அதை ஒரு பதினாறு வயதுப் பையன் ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு காப்பாளரையோ வாகன உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரமும் நம்முடையதே.

அப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2022-இல் அவர் தவறியபோது வாசலில் அவருடைய எக்ஸ்எல் நின்றது. அம்மா அதை விற்கக் கூடாது என்றார். ஒரு வருடத்துக்கு மேல் அதைத் துடைத்து வைத்ததோடு சரி, பேப்பர் பக்கம் யாரும் போகவில்லை. என் வழக்கு வந்த பிறகுதான் அதையும் எடுத்தேன். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதம் வாரிசு வண்டியைத் தன்னுடையது போல் ஓட்டலாம். நாங்கள் தாமதமாகப் போனதால் தாமதக் கட்டணம் கட்டினோம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், அக்காவும் நானும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று. இன்சூரன்ஸ் அப்பா பெயரிலேயே முடிந்து கிடந்ததால் அதை ஒழுங்கு செய்யவே ஒரு வாரம் ஓடியது. அக்கா வெளியூரிலிருந்து ஒரு கையெழுத்துக்காகவே வந்து போனாள். இப்போது அந்த எக்ஸ்எல் அம்மா பெயரில் இருக்கிறது.

இந்த அலைச்சலைக் குறைக்க 2021-இல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவது போல ஆர்.சி.யிலும் நாமினி சேர்க்கலாம். புதிதாகப் பதிவு செய்யும்போதே போடலாம், பிறகு ஆன்லைனிலும் சேர்க்கலாம். வீட்டில் வயதானவர்கள் பெயரில் வண்டி இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள். அவர்களிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும், எனக்கும் அம்மாவிடம் இருந்தது. அவர், "அதுக்கென்னப்பா, போட்டுரு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

மச்சான் பெங்களூரில் வாங்கிய காரைப் பற்றி இரண்டு வரி. வெளிமாநில வண்டி என்றால் அந்த மாநில அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் முழுப் பணம் கொடுக்கவே கூடாது. அவர் கொடுத்துவிட்டார். காரின் கடன் எப்போதோ கட்டி முடிந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்த கடிதம் மட்டும் போதாது, வங்கியும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35 கொடுத்து ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் அடமானக் குறிப்பை, கேன்சல் செய்ய வேண்டும். விற்றவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மச்சான் இரண்டு முறை பெங்களூர் போய் அவர் வீட்டு வாசலில் நின்று வாங்கி வந்தார். பிறகு இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுட்கால வரி. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்குள்ள எண்ணுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. "அந்த நம்பர்லயே ஓட்டலாம்" என்று யார் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகும் யாரோடும் இப்போதெல்லாம் நானும் துணைக்குப் போகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பரிவாகன் தளத்தில் எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயரின் எழுத்துகள், கடன் அடமானம், இன்சூரன்ஸ் தேதி, பதிவு எந்த வருடம் வரை, நிலுவை அபராதம் எல்லாம் பார்ப்பேன். பதினைந்து வருடம் முடிந்த வண்டி என்றால் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சோதனை, காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்றா என்று கேட்பேன். பிறகு வண்டியிடம் போவேன். சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், எண் ஒவ்வொன்றாகத் தாளில் வெள்ளையாக எழும்பி வரும். அதை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்தால் 8-ம் பி-யும் ஒன்று போலத் தெரியும், தாளில் தேய்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஏதாவது ஒரு எழுத்து தட்டினாலும், சுரண்டிய தடம் தெரிந்தாலும், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமலும் வாங்கக் கூடாது. "ஓனர் வெளிநாட்டுல இருக்காரு, ஃபார்ம்ல சைன் வாங்கி வெச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால், 2021 ஜூனில் அந்தக் கையெழுத்தைப் போட்டவன் நான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டிக்கு இவ்வளவு பாடு இல்லை. விற்பனைச் சான்றான படிவம் 21, நிறுவனம் தரும் தகுதிச் சான்றான 22, விண்ணப்பமான 20 எல்லாவற்றையும் ஷோரூமே தயார் செய்துவிடும். கையெழுத்துக்கு முன் பெயர், இனிஷியல், முகவரி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் முகவரியையும் மாற்றுங்கள். சம்மன் பழைய வீட்டுக்குப் போனால், நாம் இல்லாமலேயே வழக்கு முடிந்துவிடும்.

சமரசம் முடிந்த மறுவாரம் அந்தப் பையனை வரச் சொன்னேன். ஸ்பிளெண்டர் இன்னும் என் பெயரில்தான் இருந்தது. அவன் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தான். உள்ளே நான் 2021-இல் டேங்க் மேல் வைத்துக் கையெழுத்திட்ட அதே நாலு தாள்கள். மூன்று பேர் கை பட்டு மடிப்பெல்லாம் கிழியும் நிலைக்கு வந்திருந்தன. பென்சில் குறிகள் அப்படியே இருந்தன. வாங்குபவர் பெயர் இன்னும் காலி. அவற்றை அவன் முன்னாலேயே கிழித்துவிட்டு, புதுப் படிவங்களை எடுத்து, அவன் பெயரையும் முகவரியையும் தேதியையும் மணியையும் நிரப்பி, பிறகு கையெழுத்திட்டேன். இன்சூரன்ஸ் அன்றே எடுக்க வைத்தேன். அவன் பெயரில் ஆர்.சி. வர இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு நாளும் தினம் ஒருமுறை பரிவாகனில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.